காபூலில் வெயில் ஏறினால் மலையும் உயரும்

மலைச்சரிவை ஒட்டிக் கட்டிய ஒரு மண் வீடு. அதன் மொட்டை மாடியை ஒரு பெரிய ஹெலிகாப்டரின் பின்பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. முன்பாதி முழுக்க அந்தரத்தில். திறந்த பின்கதவு வழியாக ஆட்கள் ஏறுகிறார்கள். ‘உலகில் இவர் ஒருவரால்தான் முடியும்’ என்கிற பாணியில் ஒரு குறிப்போடு இந்தப் படம் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றிவரும். இதைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘அத்தனை பெரிய இயந்திரம், கொஞ்சம் தள்ளி எங்காவது ஒழுங்காக இறங்கினால் என்ன? இல்லையென்றால் மேலேயே நின்று கயிறு விட்டால் என்ன?’

நல்ல கேள்வி. படம் உண்மையானதுதான். 2003 நவம்பரில் ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் மாகாணத்தில், அமெரிக்கப் படை நடத்திய ‘மவுண்டன் ரிசால்வ்’ நடவடிக்கையின்போது எடுத்தது. பிடிபட்டவர்களை ஏற்றிப்போக வந்த சினூக் வகை ஹெலிகாப்டர் அது. மிகையாக இருப்பது கூடவரும் குறிப்புதான். சினூக் ஓட்டுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது பயிற்சியில் உள்ள பாடம். விமானிக்குத் தன் பின்சக்கரம் கண்ணில் படாது. பின்கதவருகே இருக்கும் குழு உறுப்பினர் எட்டிப் பார்த்து, இன்னும் ஐந்தடி பின்னால், மூன்றடி, நில் என்று ஹெட்போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி அந்தக் குரலை நம்பி அங்குலம் அங்குலமாகப் பின்னே நகர்த்துவார். சக்கரம் கூரையைத் தொடுமே தவிர, பாரம் கூரைமேல் இறங்காது. காலி சினூக்கே பத்து டன்னைத் தாண்டும். மண் கூரை அதைத் தாங்காது. ஆட்கள் ஏறி முடிக்கும்வரை எடை முழுவதையும் சுமப்பது காற்று. அந்தக் காற்றால் எவ்வளவு சுமக்க முடியும் என்பதுதான் இருபது ஆண்டு ஆப்கன் போரில் படைகள் எங்கே போகலாம், எத்தனை பேர் போகலாம் என்பதைப் பெருமளவு முடிவு செய்தது.

ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரை கிடையாது. கராச்சித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு கைபர் கணவாய் வழியாகவோ சமன் எல்லை வழியாகவோ லாரியில் வந்தாக வேண்டும். 2011 நவம்பரில் பாகிஸ்தான் அந்த வழியை அடைத்தது. திறக்க ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. இந்தப் பாதை அரசியலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதிகம் பேசப்படாதது கடைசி ஐம்பது கிலோமீட்டர். பெரிய தளத்திலிருந்து மலை முகாமுக்குத் தண்ணீரும் குண்டும் போய்ச் சேரும் அந்தத் தூரத்தில் ஹெலிகாப்டரை விட்டால் வேறு நம்பகமான வழி பெரும்பாலும் இல்லை.

ஹெலிகாப்டர் மேலே நிற்பது காற்றைக் கீழே தள்ளித்தான். நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். ஒரு வினாடியில் எத்தனை கிலோ காற்றைத் தள்ளுகிறது என்பதே விஷயம்.

படியால் அரிசி அளந்து போடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு இத்தனை கிலோ போட்டாக வேண்டும் என்பது கட்டளை. கடல் மட்டத்தில் அவர் முன்னால் இருக்கும் மூட்டையில் அரிசி. மலை ஏற ஏற அரிசி போய்ப் பொரி வந்துவிடுகிறது. படி அதே படி, கை அதே கை. எடை மட்டும் வரவில்லை. சரி, வேகமாக அளக்கலாமே? சினூக்கின் ரோட்டர் நிமிடத்துக்கு 225 சுற்று சுற்றுகிறது. அதன் இறக்கை நுனி வினாடிக்கு 200 மீட்டருக்கு மேல் பாய்கிறது. இன்னும் கூட்டினால் நுனி ஒலிவேகத்தை நெருங்கி, இழுவையும் நடுக்கமும் ஏறிவிடும். அதனால் கை வேகத்தைக் கூட்ட வழியில்லை. அடுத்தது, படியில் குவித்து அளப்பது. விமானி செய்வது இதைத்தான்: இறக்கைகளின் சாய்கோணத்தைக் கூட்டி, ஒவ்வொரு வீச்சிலும் அதிகக் காற்றை வாரச் செய்கிறார். ஆனால் கோபுரமாகக் குவித்த பொரி ஓர் எல்லைக்கு மேல் சரியும். இறக்கையிலும் அப்படியே, சாய்வு மிஞ்சினால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சரேலென விழுந்துவிடும். மிச்சம் இருப்பது பெரிய படி, அதாவது பெரிய ரோட்டர். அதைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். போர்க்களத்தில் மாற்ற முடியாது. இதற்கெல்லாம் மேலே ஒரு சங்கடம். அளக்கிறவருக்குச் சாப்பாடும் அந்தப் பொரிதான்! எஞ்சின் மூச்சிழுப்பதும் அதே மெலிந்த காற்றை. வேலை கூடும் இடத்திலேயே தெம்பு குறைகிறது.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. காபூல் விமான நிலையம் கிட்டத்தட்ட 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் 35 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் அங்கே ஒரு கன மீட்டர் காற்று சுமார் 0.92 கிலோதான், நாலில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. அதே எடையை அசையாமல் நிறுத்த ரோட்டருக்கு ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். எஞ்சினோ குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு திறனை இழந்து நிற்கிறது.

இதில் உயரத்தின் பங்கை எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். வெப்பத்தின் பங்குதான் வியக்க வைக்கிறது. சூடான காற்று விரிந்து மெலிவதால், ஹெலிகாப்டரின் கணக்கில் அது உயரம் கூடியதற்குச் சமம். விமானிகள் இதை ‘அடர்த்தி உயரம்’ என்பார்கள். காபூல் ஓடுதளத்தில் 35 டிகிரியில் நிற்கும் ஹெலிகாப்டர், சராசரி வானிலையில் 2,850 மீட்டர் உயரத்தில் நிற்பதுபோல் திணறுகிறது. காலையில் ஓர் உயரத்தில் இருந்த ஊர், மதியம் பல நூறு மீட்டர் மேலே ஏறிவிடுகிறது. சாயங்காலம் மெல்ல இறங்கி வருகிறது. நில வரைபடத்தில் மலையின் உயரம் மாறுவதில்லை. விமானியின் வரைபடம் மட்டும் மணிக்கு மணி மாறுகிறது.

அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் குழு ஓர் அட்டையை நிரப்புகிறது. புறப்படும் இடத்தின் உயரம், வெப்பம்; இறங்கும் இடத்தின் உயரம், வெப்பம்; எரிபொருள், ஆட்கள், சரக்கு. சினூக்கில் படைவீரர்களுக்கு 33 இருக்கைகள் என்று விளம்பரப் புத்தகம் சொல்லும். எத்தனை பேர் ஏறலாம் என்பதைச் சொல்வது இந்த அட்டை. டேங்க் நிரம்ப 3,900 லிட்டர் எரிபொருள், அதுவே மூன்று டன். ஆட்களைக் கூட்ட வேண்டுமென்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் வழியில் எங்காவது நிரப்ப வேண்டும். வழியில் நிரப்பும் இடத்துக்கு எரிபொருளைக் கொண்டுபோவதும் பல சமயம் இன்னொரு ஹெலிகாப்டர்தான்.

2002 மார்ச்சில் ஷாஹி கோட் பள்ளத்தாக்கில் நடந்த ‘அனகோண்டா’ நடவடிக்கையில் காலாட்படையைக் கொண்டுபோய் இறக்கும் வேலை பெரும்பாலும் சினூக்குகளுக்குப் போனதன் காரணம் இங்கே இருக்கிறது. ஒரு ஹெலிகாப்டருக்கு ஒரே ரோட்டர் என்றால், உடல் சுழலாமல் இருக்க வாலில் ஒரு சிறு ரோட்டர் வேண்டும். அது எஞ்சின் திறனில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், எடையைத் தூக்காது. சினூக்கில் இரண்டு பெரிய ரோட்டர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் திறன் முழுவதும் தூக்குவதற்கே போகிறது. அதோடு, கியர்பாக்ஸ் தாங்குவதைவிட அதிகத் திறன் தரும் எஞ்சின்கள். கடல் மட்டத்தில் வீணாகத் தோன்றும் அந்த உபரி, மலையில் உயிர் காக்கிறது. ஆனாலும் இந்தப் பெரிய இயந்திரம் எதிரிக்குப் பெரிய இலக்கு. அதே நடவடிக்கையில், 3,191 மீட்டர் உயரமுள்ள தக்கூர் கர் சிகரத்தில் இறங்க வந்த சினூக்குகள் ராக்கெட் எறிகுண்டுகளுக்கு இரையாயின. அந்தச் சண்டையில் ஏழு அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

இப்போது வாசகரின் இரண்டாவது கேள்வி. மேலேயே ஏன் நிற்கவில்லை? தரைக்கு அருகில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு இயற்கை ஒரு சலுகை தருகிறது. ரோட்டர் விட்டத்துக்கும் குறைவான உயரத்தில் தரை இருந்தால், கீழே பாயும் காற்றைத் தரை தடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ரோட்டர் வழியே இறங்கும் காற்றின் வேகம் குறையும். அதே எடையைக் குறைந்த திறனில் தூக்கலாம். சமவெளியில் ஓடுதளத்தில் கிடைக்கும் இந்தச் சலுகை, மேலே ஏறியதும் போய்விடும். மலை விளிம்பிலும் போய்விடும். புகைப்படத்துச் சினூக்கின் பின் ரோட்டருக்கு மாடியும் சரிவும் கொஞ்சம் உதவுகின்றன. பள்ளத்துக்கு மேலே இருக்கும் முன் ரோட்டருக்கு எதுவும் இல்லை. அப்படி இறங்க வேண்டுமானால் தரையின் உதவி இல்லாமலேயே எடையைத் தாங்கும் அளவுக்குத் திறன் கையில் இருக்க வேண்டும். நூரிஸ்தானின் அந்தச் சரிவுகளில் சமதளம் என்பதே அரிது. கயிற்றில் ஒவ்வொருவராகத் தூக்கினால், திறனின் விளிம்பில் பல நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், கீழே இருப்பவர் சுடுவதற்கு வசதியாக. மாடியைத் தொட்டு ஏற்றிக்கொண்டு போவது அதைவிட வேகமான வழி.

சோவியத் விமானிகள் 1980களில் இதே மலைகளில் வேறொரு உபாயம் செய்தார்கள். அசையாமல் நேர்மேலே எழும்ப முடியாத அளவு பாரம் ஏற்றிய எம்ஐ-8, எம்ஐ-24 ஹெலிகாப்டர்களை விமானம்போல் ஓடுதளத்தில் உருட்டி ஓட்டிப் புறப்பட்டார்கள். முன்னே நகரும் ரோட்டர், தானே கலக்கிவிட்ட காற்றை விட்டுவிட்டுப் புதுக் காற்றுக்குள் நுழைகிறது. அதனால் தூக்கும் செலவு சட்டென்று குறையும். புறப்பாடு சரி; ஓட இடமில்லாத மலை முகாமில் இறங்குவதற்கு இந்த உபாயம் உதவாது.

வரலாறு என்று ஒன்று சொல்ல வேண்டுமென்றால் 1944 ஏப்ரல் போதும். பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் விழுந்த விமானத்திலிருந்து தப்பிய நால்வரை மீட்க, கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி சிகோர்ஸ்கியின் ஆர்-4 வகை ஹெலிகாப்டரோடு போனார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அது. அந்த வெப்பத்தில் இருநூறு குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சினால் விமானியோடு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. எஞ்சின் சூடேறி இடையில் நின்றுபோனது. மறுநாள்தான் வேலை முடிந்தது. நால்வரும் ஒவ்வொருவராகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஓர் ஆளின் எழுபது கிலோ கூடுமா கூடாதா என்ற இந்தக் கணக்கு, முகாம்களின் தலைவிதிக்கும் போய்ச் சேர்ந்தது. 2006இல் நூரிஸ்தானின் காம்தேஷ் அருகே அமெரிக்கர்கள் ஒரு முகாம் அமைத்தார்கள். மூன்று பக்கம் மலை, நடுவே பள்ளத்தின் அடியில் முகாம். மேலிருந்து யார் வேண்டுமானாலும் சுடலாம். சாலை வழியாகச் சரக்கு வரும் என்ற எண்ணத்தில் தேர்ந்த இடம் அது. அந்தக் குறுகிய சாலையில் லாரி உருண்டு இறந்த இளம் அதிகாரி கீட்டிங்கின் பெயரைத்தான் பிறகு முகாமுக்கு வைத்தார்கள். சாலை கைவிட்டதும் எல்லாம் ஹெலிகாப்டரை நம்பி ஆனது, பெரும்பாலும் இருட்டில். 2009இல் முகாமை மூடிவிடுவது என்று முடிவானது. மூடுவதற்கும் பொருட்களைத் தூக்கிப்போக ஹெலிகாப்டர் வேண்டும். அவையோ பார்கே மடால் என்ற இன்னொரு மலை ஊரில் நடந்த சண்டைக்குப் போய்விட்டன. மூடும் தேதி தள்ளிப்போனது. அக்டோபர் 3ஆம் தேதி சுமார் 300 பேர் முகாமைத் தாக்கினார்கள். எட்டு அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஹெலிகாப்டர் தட்டுப்பாட்டால் மூடல் தாமதமானதை அமெரிக்கத் தரைப்படையின் விசாரணை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. சில நாட்களில் முகாமைக் காலிசெய்து, மிச்சத்தை அவர்களே குண்டு போட்டு அழித்தார்கள்.

இத்தனைக்கும் தொழில்நுட்பம் தீர்வு கொண்டுவரும் என்ற ஆரவாரம் ஒருநாளும் ஓயவில்லை. 2006 ஆகஸ்டில் ஜிபிஎஸ் வழிகாட்டும் பாராசூட் ஆப்கானிஸ்தானில் முதன்முதலாகப் போரில் பயன்பட்டது. அது உண்மையிலேயே உதவியது. லாரி வரிசைகளைக் கண்ணிவெடியிலிருந்து காத்தது. ஆனால் மெலிந்த காற்றில் பாராசூட்டும் வேகமாக விழும். அதோடு, பாராசூட் கொண்டுவந்து கொடுக்கும். காயம்பட்டவரைத் திரும்பத் தூக்கிப்போகாது.

அடுத்தது ஆளில்லா ஹெலிகாப்டர் கே-மேக்ஸ். 2011 டிசம்பர் முதல் 2014 மே வரை ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் சரக்கு சுமந்தது. மலைப்போரின் விடை இதுதான் என்று அப்போது வந்த கட்டுரைகள் ஏராளம். ஹெல்மண்டில் அது பறந்த பாலைவனம் பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்கும் கீழே என்பதை அந்தக் கட்டுரைகள் அழுத்திச் சொல்லவில்லை. கடல் மட்டத்தில் 2.7 டன் தூக்கும் அதே கே-மேக்ஸ், 4,600 மீட்டரில் 2 டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். விமானி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரோட்டருக்குக் காற்று வேண்டும். இன்று வெளிவரும் சரக்கு ட்ரோன் விளம்பரங்களிலும் எந்த உயரத்தில், எந்த வெப்பத்தில் என்ற இரண்டு எண்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு ஆப்கன் விமானப்படையின் விஷயத்தில் நடந்தது. அவர்களிடம் இருந்தவை ரஷ்யாவின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள். ரஷ்யாவிடம் வாங்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டதால், 2017 முதல் அமெரிக்காவின் பழைய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைப் புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 159 கொடுப்பது என்பது திட்டம். 2018இல் அமெரிக்கத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது: ஓர் எம்ஐ-17 தூக்கும் பாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பிளாக் ஹாக் வேண்டும், எம்ஐ-17 போகும் உயரமான ஒதுக்குப்புறங்களுக்கு அதனால் போக முடியாது. எம்ஐ-17இன் ரோட்டர் விட்டம் 21.3 மீட்டர், பிளாக் ஹாக்கின் விட்டம் 16.4 மீட்டர். பரப்பில் அது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இந்த எண்கள் இரு நிறுவனங்களின் கையேடுகளிலும் அச்சாகி இருந்தன.