வேண்டாம் என்று சொன்ன நடிகை

நூற்றுப் பத்து வயது மூதாட்டி ஒருவர் கைத்தடியை ஊன்றியபடி நீதிமன்றக் கட்டடத்தை நோக்கித் தனியாக நடந்து வருகிறார். அங்கே ஒரு குடிநீர்க் குழாய். ‘வெள்ளையர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மூதாட்டி அவசரப்படவில்லை. குனிந்து தண்ணீர் குடிக்கிறார். வந்த வழியே திரும்பி நடக்கிறார்.

1974 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மிஸ் ஜேன் பிட்மேனின் சுயசரிதை’ என்ற படத்தின் இறுதிக் காட்சி இது. அடிமையாகப் பிறந்து, 1960களின் உரிமைப் போராட்டம் வரை வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை. எர்னஸ்ட் கெய்ன்ஸ் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. மூதாட்டியாக நடித்த சிசிலி டைசனுக்கு அப்போது வயது 49. 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்த தண்ணீரை அறிந்தவர்களுக்கு, இந்தத் தண்ணீரின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு அவருக்கு இரண்டு எம்மி விருதுகள் கிடைத்தன.

சிசிலி டைசன் 1924 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தச்சு வேலையும் வண்ணப் பூச்சும் செய்தார். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தார். படிப்பு முடித்த சிசிலி, செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சுப் பணியில் சேர்ந்தார். நாள் முழுக்கத் தட்டச்சுப் பொறியைத் தட்டிக்கொண்டிருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. விளம்பர அழகியானார். பிறகு நடிப்புக்கு வந்தார். நடிப்பு பாவம் என்று நம்பிய பக்திமிக்க தாய், மகளை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்.

1961இல் ஜீன் ஜெனே எழுதிய ‘கறுப்பர்கள்’ நாடகம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1963இல் ‘ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு’ தொலைக்காட்சித் தொடரில் சமூகப்பணி அலுவலகச் செயலாளராக நடித்தார். கறுப்பினப் பெண்கள் முடியைச் சூடுகாட்டி நேராக்கிக்கொண்டால்தான் திரையில் இடம் என்றிருந்த காலம் அது. சிசிலி தன் சுருள்முடியைக் கட்டையாக வெட்டி, இயல்பாக விட்டபடியே தோன்றினார். அதைப் பார்த்த பெண்கள் பலர் தங்கள் முடியையும் அப்படியே விடத் தொடங்கினார்கள்.

1972இல் வந்தது ‘சவுண்டர்’. 1930களின் பஞ்ச காலத்தில் லூசியானா மாநிலத்தில் வாரத்துக்கு நிலம் உழும் ஒரு கறுப்பினக் குடும்பம். பசித்த பிள்ளைகளுக்காக இறைச்சி திருடிய கணவன் சிறைக்குப் போகிறான். வயலையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் ரெபேக்காவாக சிசிலி நடித்தார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதே 1972இல்தான், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவி, பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது.

அந்தப் படத்தையொட்டி நடந்த ஒன்றை சிசிலி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரிடம் மனம் திறந்தார். படத்தில் வரும் சிறுவன் தன் தகப்பனை ‘அப்பா’ என்று கூப்பிட்டபோது தனக்கு அது உறுத்தியது, தன் பிள்ளையும் தன்னை அப்படித்தானே கூப்பிடுகிறான் என்றார். கறுப்பினக் குடும்பத்திலும் அப்பா, பிள்ளை பாசம் உண்டு என்பதே அவருக்குப் புதிதாக இருந்திருக்கிறது. வெறும் நடிகையாக மட்டும் இருக்கத் தன்னால் முடியாது என்று சிசிலி அன்று முடிவெடுத்தார். தன் மக்களைச் சிறுமைப்படுத்தும் வேடங்களை ஏற்பதில்லை என்பதில் உறுதியாக நின்றார்.

இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏழையாகவோ கூலிப் பெண்ணாகவோ நடிக்க அவர் கூச்சப்படவில்லை. ரெபேக்கா ஏழைதான். 2011இல் வந்த ‘தி ஹெல்ப்’ படத்தில் அவர் வயதான வேலைக்காரப் பெண்ணாகவே நடித்தார். வீட்டுவேலை செய்து பிள்ளை வளர்த்த தாயின் மகளுக்கு உழைப்பில் என்ன இழிவு? உள்ளே ஒரு மனுஷி இல்லாத வேடத்தைத்தான் அவர் தள்ளினார்.

அதற்கு விலை இருந்தது. விருதுகளுக்குப் பிறகும் நீண்ட காலம் நல்ல வாய்ப்பில்லாமல் இருந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் மட்டும் போதாது. வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளவும் தெரிய வேண்டும். கிடைத்த இடைவெளியை அவர் வீணாக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969இல், ஆர்தர் மிட்செல் தொடங்கிய ஹார்லெம் நடனக் குழுவுக்குத் துணை நின்றார். நியூஜெர்சியில் அவர் பெயரைத் தாங்கிய கலைப்பள்ளி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை நேரில் போய்ப் பார்த்துவந்தார்.

முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2013இல் ‘பவுன்டிஃபுல் பயணம்’ நாடகத்தின் மூலம் பிராட்வே மேடைக்குத் திரும்பினார். வெள்ளைக்காரப் பெண்ணுக்காக எழுதப்பட்ட பாத்திரம் அது. மேடையில் அவர் பக்திப் பாடலைப் பாடும்போது பார்வையாளர்களும் சேர்ந்து பாடினார்கள். 88 வயதில் டோனி விருது. 2016இல் அதிபர் ஒபாமா கையால் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது. 2018இல் கௌரவ ஆஸ்கர். தன் வாழ்க்கை வரலாற்று நூல் வெளியான இரண்டாம் நாள், 2021 ஜனவரி 28 அன்று, 96 வயதில் மறைந்தார்.

மாணவர்கள் அவரிடமிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். இன்று இரவு பார்க்கும் தொடரிலோ படத்திலோ, நம் தெருவிலிருந்து வந்தவராகக் காட்டப்படும் ஒருவர் தோன்றினால் கவனியுங்கள். அவருக்குப் பெயர் இருக்கிறதா? அவர் வீட்டுக்குள் கேமரா போகிறதா? அவருக்குக் கோபம் வருகிறதா, அவரை அப்பா என்றோ அம்மா என்றோ யாராவது கூப்பிடுகிறார்களா? ஒன்றுக்கும் விடை இல்லையென்றால், அந்த வேடத்தில் ஆள் இல்லை. நாளை எழுதவும் நடிக்கவும் இயக்கவும் போகும் உங்களில் ஒருவர்தான் அந்த ஆளைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும்.