அணைந்த அடுப்பு உணர்த்தும் பாடம்

சாண எரிவாயுக் கலன் அமைத்திருந்த இல்லமொன்றிற்குச் சென்றிருந்தபோது, வாயுவால் மேலெழ வேண்டிய இரும்பு மிதவை தொட்டிக்குள் தாழ்ந்து கிடக்கக் கண்டோம். அவர்களுடைய மூன்று பசுக்களில் இரண்டிற்கு அடுத்தடுத்து மடிநோய் கண்டு, பல நாட்கள் ஊசி மருந்து செலுத்தியிருந்தனர். அவற்றின் சாணமும் வழக்கம்போல் தொட்டியிலேயே கரைக்கப்பட்டது. “மாட்டுக்கு மருந்து கொடுத்தோம் சாமி, அடுப்புக்கு ஏன் நோய் வந்தது?” என்று அவ்வீட்டு அம்மாள் வினவினார்.

காற்றுப் புகாத அத்தொட்டியினுள் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் கூடி உழைக்கின்றன. முதல் வகுப்பு சாணத்தைச் சிதைத்துக் கரைக்கிறது. அடுத்தது அதனை அமிலங்களாக்குகிறது. இறுதி வகுப்பு மீத்தேன் வாயுவை ஈனுகிறது. சாண எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேனே. ஒரு வகுப்பின் கை ஓய்ந்தால் மற்றவற்றின் உழைப்பும் வீணாகும்.

டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளில் பெரும்பகுதி சிதையாமலே சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. கிருமியைக் கொல்ல வந்த மருந்து நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது. மீத்தேனை ஈனும் உயிர்கள் பாக்டீரியா இனத்தவை அல்ல. ஆதலால் பல மருந்துகள் அவற்றை நேரே தாக்குவதில்லை. எனினும், அவற்றுக்கு உணவூட்டும் பாக்டீரியாக்கள் நலிவதால் அவையும் பட்டினி கிடக்கின்றன. மருந்தின் அளவு சிறிதாயின் தொட்டி நாளடைவில் தேறும். மிகுதியாயின் வாயு குன்றும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. எஞ்சிய மருந்திடையே வாழப் பழகும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகி, கழிவுக் கரைசலோடு வயலையும் நீர்நிலையையும் அடையக்கூடும். 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், கிருமிகள் இவ்வாறு மருந்தை எதிர்க்கப் பழகும் என்று 1945-இல் ஆற்றிய நோபெல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். இன்று மாட்டிடம் தோற்கும் மருந்து நாளை நம் குழந்தையின் காய்ச்சலிலும் தோற்கலாம்.

ஆகவே, கால்நடை மருத்துவர் கூறாமல் மாட்டுக்கு மருந்து வாங்கிச் செலுத்தற்க. சிகிச்சை நாட்களிலும் அதனையடுத்த சில நாட்களிலும் அப்பசுவின் சாணத்தைத் தனியே குவித்து மட்க விடுக. சூடேறி மட்கும் குவியலில் இத்தகைய மருந்துகள் பலவற்றின் வீரியம் பெரிதும் குறையும். மருத்துவர் குறித்த நாள்வரை பாலையும் விற்கலாகாது. அந்த இழப்பு கடினமே. எனினும் அயலார் குழந்தை அருந்துவதும் அப்பாலையே அன்றோ!

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ திருமடல், படைப்புகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளதை நினைவூட்டியது. அந்த அம்மாள் சாணமிடுவதைச் சில நாள் நிறுத்தி, அயல்வீட்டு நல்ல தொட்டியின் கரைசலைச் சேர்த்தார். சில வாரங்களில் மிதவை எழுந்தது, நீலச்சுடரும் மீண்டது. தொழுவமும் அடுப்பும் வயலும் தொட்டிலும் ஒரே இழையில் கோக்கப்பட்டவை என்பதை அச்சுடர் நமக்கு உணர்த்துவதாக.