டீசல் பிக்கப்: பவரும் வேணும், சூடும் அடங்கணும்

நம்ம ஊரில் லாரியோ டிராக்டரோ கரும்புகை கக்கினால் "வண்டி நல்லா இழுக்குது" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அமெரிக்காவின் டீசல் பிக்கப் பிரியர்கள் சிலரிடமும் இதே நம்பிக்கைதான். "ரோலிங் கோல்" என்று பெயர் வைத்து, வேணும்னே கரும்புகை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கரும்புகை என்பது முழுசாக எரியாமல் வெளியே போகிற டீசல். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் வீணாவது ஒரு பக்கம். பாரம் இழுக்கும்போது அந்தப் புகை வந்தால், இன்ஜினுக்குள் சூடு எகிறிக்கொண்டிருக்கிறது என்றும் அர்த்தம்.

என்னிடம் இருப்பது 1997 மாடல் டாட்ஜ் ராம். 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு கம்மின்ஸ் இன்ஜின். மேனுவல் கியர் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 215 குதிரைத்திறன். சமதளத்தில் இது தாராளம். ஆனால் நாங்கள் இருப்பது டென்வர் பக்கம். கோடையில் மூன்று டன் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஐ-70 நெடுஞ்சாலையில் மலைக்குப் போய் வருவோம். திரும்பும்போது சில்வர்தார்னிலிருந்து ஐசனோவர் சுரங்கப்பாதை வரை சுமார் 8 மைல், 7 சதவீதம் வரை ஏற்றம். உச்சியில் உயரம் ஏறக்குறைய 3,400 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டீசல் இன்ஜினுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

சூடு எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வழி திறக்கும். அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போகும், எடைக் கணக்கில் 14.7-க்கு 1 என்று. பழைய டீசலில் காற்றை அடைக்கும் கதவே இல்லை. மிதிப்பது நேராக எண்ணெயின் அளவைத்தான் கூட்டுகிறது. லேசான ஓட்டத்தில் ஒரு பங்கு டீசலுக்கு 30, 40 பங்கு காற்றுகூட இருக்கும். பாரம் ஏற ஏற இது 20-ஐ நெருங்கும். அதற்குக் கீழே போனால் புகை, சூடு இரண்டும் வேகமாக ஏறும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று சரியாகக் கலந்தால் நீலச் சுடர். எண்ணெய் மிஞ்சினால் மஞ்சள் சுடர், பாத்திரம் முழுக்கக் கரி.

இந்தச் சூட்டை வெளியேறும் புகையில் அளப்பார்கள். சுருக்கமாக ஈஜிடி. டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எடுக்கும் அளவுதான் கணக்கு. டர்போவைத் தாண்டினால் பாரத்தில் 100 டிகிரிக்கு மேலேயே குறைத்துக் காட்டும். 1,250 முதல் 1,300 பாரன்ஹீட், அதாவது 680 முதல் 700 செல்சியஸ் வரை, தொடர்ந்து ஓட்டுவதற்கான எல்லை என்று டீசல் மெக்கானிக்குகள் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். சுத்த அலுமினியம் உருகுவது 660-ல். பிஸ்டன் உலோகம் அதற்கு வெகு முன்பே பலம் இழக்க ஆரம்பிக்கும். கீழிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது. சில நொடி எல்லை தாண்டினால் பரவாயில்லை. எட்டு மைல் ஏற்றம் முழுக்கத் தாண்டினால் பிஸ்டனும் டர்போவும் சேர்ந்தே போகும். அதுவும் குழந்தைகள் பின் சீட்டில் இருக்கும்போது, மலைச்சாலையின் ஓரத்தில்.

முதலில் மீட்டர், பிறகு ஸ்பானர்

சாஃப்ட்வேர் வேலையில் லாக் பார்க்காமல் யாரும் புரொடக்‌ஷனில் கை வைப்பதில்லை. இங்கேயும் அதே கதைதான். மேனிஃபோல்டில் துளையிட்டு கே வகை தெர்மோகப்பிள் பொருத்தினேன். கூடவே பூஸ்ட் மீட்டர். எதையும் மாற்றாமல் அதே ஏற்றத்தில் டிரெய்லரோடு ஏறிப் பார்த்ததில் கிடைத்த உச்சம் 640.

அடுத்தது காற்று. புது ஃபில்டர், இன்டர்கூலரை வெளியே எடுத்துக் கழுவியது, கசிந்த ரப்பர் குழாய்களை மாற்றியது. செலவு குறைவு, பலன் அதிகம். 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் டர்போவிலிருந்து வரும் காற்று 150 டிகிரியைத் தாண்டும். அதை இன்டர்கூலர் குளிர வைத்தால் அதே இடத்தில் அதிகக் காற்று அடங்கும், புகைச் சூடும் இறங்கும். அதற்காக பூஸ்ட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதிலும் அர்த்தமில்லை. சின்ன டர்போவை அளவுக்கு மீறிச் சுழற்றினால் அது காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம்.

அப்புறம்தான் எண்ணெய். இந்த வண்டியின் பாஷ் பி-7100 பம்பில் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாமே ஸ்பிரிங்கும் தகடும். பூஸ்ட் வரும்வரை எண்ணெயைப் பிடித்து வைக்கும் ஏஎஃப்சி என்ற அமைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, ஃப்யூல் பிளேட்டைச் சிறிது முன்னே நகர்த்தினேன். மறுபடி அதே ஏற்றம். ஐந்தாவது கியரில் ஒரு நிமிடத்துக்குள் 730. காலை எடுத்துவிட்டு நான்காவதுக்கு இறக்கியதும் 660-ல் வந்து நின்றது. வேகமும் குறையவில்லை. காரணம் எளிது. சுற்று கூடினால் டர்போ அதிகக் காற்றைத் தரும், ஒவ்வொரு அடிக்கும் தேவைப்படும் எண்ணெய் குறையும். அன்றே பிளேட்டைப் பாதி தூரம் பின்னால் கொண்டுவந்தேன். இப்போது அதே ஏற்றத்தில் 690-ஐத் தாண்டுவதில்லை, புகையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. டென்வர் பகுதியில் டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. அதில் தேறாத டியூனிங் எனக்கு வேண்டாம்.

கடைசியாக டைமிங். எண்ணெயைச் சில டிகிரி முன்னதாகத் தெளித்தால் எரிதல் சீக்கிரம் முடியும். சூடு பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகி, புகையில் குறையும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி ஹெட் கேஸ்கெட்டைப் பதம் பார்க்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும். மீட்டரில் சூடு இறங்கிவிட்டது என்பதற்காக எல்லாம் நலம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் இதைத் தொடவில்லை.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2007-க்குப் பின் வந்த பிக்கப்புகளில் துகள் வடிகட்டி இருக்கும். அதையும் ஈஜிஆரையும் கழற்றிவிட்டு "டியூன்" போட்டுத் தருகிறேன் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அமெரிக்காவில் இது காற்றுத் தூய்மைச் சட்டப்படி குற்றம். ராம் பிக்கப் இன்ஜின்களில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக வந்த வழக்கில், கம்மின்ஸ் கம்பெனியே 2024-ல் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையுமே மாற்றாவிட்டாலும் டிரெய்லர் இழுப்பவர்கள் ஒரு ஈஜிடி மீட்டர் போடுங்கள். ஏற்றத்தில் முள் ஏறினால் முதலில் கியரைக் குறையுங்கள், பிறகு காலைத் தளர்த்துங்கள். மேலே போய் நின்றதும் சாவியைத் திருப்ப அவசரப்படாதீர்கள். 150 டிகிரிக்கு இறங்கும்வரை இன்ஜின் சும்மா ஓடட்டும். இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் தங்கிய எண்ணெய் கருகிக் கட்டியாகும். இரண்டு, மூன்று நிமிஷம்தான். அதற்குள் பிள்ளைகள் பாத்ரூம் போய் வந்துவிடுவார்கள்.