தொல்லை விலங்குகளைத் தடுக்கும் பறவைத் தீனிக்கலன்

பறவைத் தீனிக்கலன் என்பது தோட்டத்துக்கு வரும் காட்டுப் பறவைகளுக்காக விதை, கொட்டை, கொழுப்பு முதலிய உணவுகளை இட்டு வைக்கும் கலன் ஆகும். பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் இது பரவலாகப் பயன்படுகிறது. பறவைகளுக்கென வைக்கும் உணவை அணில், எலி, புறா போன்றவை தின்றுவிடுவது இதன் நீண்டகாலச் சிக்கலாகும். இதற்காக ‘அணில் புகாதது’ என்ற பெயரில் பலவகைக் கலன்கள் விற்கப்படுகின்றன. எனினும் கலனின் அமைப்பு மட்டும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. அது நிற்கும் இடம், அதில் இடும் உணவு, அதைத் துப்புரவு செய்யும் முறை ஆகியவையும் சேர்ந்தே அதன் பயனை முடிவு செய்கின்றன. பிரித்தானியாவில் 2005 முதல் ஃபிஞ்ச் வகைப் பறவைகளிடையே பரவிய நோய்க்குப் பிறகு, நல்ல கலனைத் தேர்ந்தெடுப்பதில் துப்புரவுக்கு முதலிடம் கிடைத்துள்ளது.

வரலாறு

பிரித்தானியாவில் 1890-91 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. அப்போது பறவைகளுக்கு உணவிடுமாறு செய்தித்தாள்கள் மக்களைக் கேட்டுக்கொண்டன. அதன்பின் இவ்வழக்கம் பரவலாயிற்று. தொடக்கத்தில் வீட்டில் மீந்த ரொட்டித் துண்டுகளையும் கொழுப்பையும் தரையிலோ ஒரு பலகையின் மீதோ வைப்பதே வழக்கமாக இருந்தது. பறவைகளுக்கெனத் தனியாக விதைகளை வாங்கி இடுவது 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது.

இன்று பெரும்பாலான தோட்டங்களில் தொங்கும் குழாய் வடிவக் கலனை 1969 இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த பீட்டர் கில்ஹாம் உருவாக்கினார். ஒளி புகும் நெகிழிக் குழாய், அதில் சிறு துளைகள், ஒவ்வொரு துளைக்கும் கீழே பறவை அமர ஒரு குச்சி என்பதே அதன் அமைப்பு. விதை மழையில் நனையாமல் இருந்தது. சிறிய பறவைகளுக்கு மட்டுமே அமர இடம் இருந்ததால் பெரிய பறவைகள் ஓரளவு விலகின. ஆனால் அணில்கள் விலகவில்லை. அவை குழாயைக் கடித்துத் துளைகளைப் பெரிதாக்கின.

தொல்லை தரும் உயிரினங்கள்

பிரித்தானியத் தோட்டங்களில் முதன்மையான தொல்லை சாம்பல் அணில் ஆகும். இது அந்நாட்டுக்கு உரியது அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பல பெரிய தோட்டங்களில் அழகுக்காக விடப்பட்டது. பிரித்தானியாவுக்கே உரிய செவ்வணில், சாம்பல் அணிலின் பரவலால் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் காணப்படும் முதுகுக்கோடு உடைய சிறிய அணிலைப்போல் பல மடங்கு எடை கொண்டது சாம்பல் அணில். நெகிழியையும் மரத்தையும் கடித்துத் துளைக்கும் பல்வலிமை அதற்கு உண்டு.

கலனிலிருந்து கீழே சிந்தும் விதை பழுப்பு எலியை ஈர்க்கிறது. எலிகளின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல் மனிதருக்குப் பரவக்கூடும். ஆகவே எலித்தொல்லை வீட்டாரின் நலனையும் அண்டை வீட்டாருடனான உறவையும் பாதிப்பதாகிறது.

மரப்புறா, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக்டா, மைனாவின் உறவான ஸ்டார்லிங் ஆகியவை கூட்டமாக வந்து சிறு பறவைகளுக்கு உணவு கிடைக்காமல் செய்கின்றன. தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் செந்தார்ப் பைங்கிளியும் இப்பட்டியலில் உள்ளது. கூண்டுப் பறவைகளாகக் கொண்டுசெல்லப்பட்டுத் தப்பிய கிளிகளின் வழிவந்தவை இன்று லண்டனிலும் அதைச் சுற்றியும் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. இக்கிளிகள் அருகில் இருக்கும்போது உள்ளூர்ச் சிறு பறவைகள் தீனிக்கலனில் உண்பது குறைகிறது என்று 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வுயிரினங்களைத் தொல்லை என்று அழைப்பது வீட்டுக்காரரின் பார்வையே. ஸ்டார்லிங் பறவை பிரித்தானியாவில் எண்ணிக்கை குறைந்துவரும் இனங்களில் ஒன்று. எனவே யாரை விலக்குவது என்பதை முதலில் தீர்மானித்த பிறகே கலனைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

தடுப்பு அமைப்புகள்

சந்தையில் உள்ள தடுப்புக் கலன்கள் பெரும்பாலும் பின்வரும் மூன்று முறைகளுள் ஒன்றின்படி இயங்குகின்றன.

கூண்டுக் கலன்: விதைக் குழாயைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு இருக்கும். கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி விடப்படும். பட்டாணிக் குருவி, ராபின், ஃபிஞ்ச் போன்றவை உள்ளே நுழையும். வளர்ந்த அணிலும் புறாவும் கிளியும் நுழைய இயலாது. அணிலின் முன்னங்கால் எட்டாத தொலைவில் விதைக்குழாய் அமைந்திருப்பது முக்கியம். கூண்டு சிறியதாக இருந்தால் அணில் வெளியே தொங்கியபடியே விதையை எடுத்துவிடும். அணில் குட்டிகள் சில வேளைகளில் இடைவெளி வழியே நுழைந்துவிடுவதும் உண்டு.

எடையால் மூடும் கலன்: குழாயைச் சுற்றியுள்ள உறை ஒரு ஸ்பிரிங்கின் மீது நிற்கும். கனமான விலங்கு ஏறியதும் உறை கீழிறங்கி விதைத் துளைகளை மூடிக்கொள்ளும். இதன் செயல்பாடு உடல் எடை வேறுபாட்டை நம்பியது. நீலப் பட்டாணிக் குருவியின் எடை சுமார் 11 கிராம். கிரீன்ஃபிஞ்சின் எடை சுமார் 28 கிராம். சாம்பல் அணிலின் எடையோ 400 முதல் 600 கிராம் வரை. மரப்புறாவும் ஏறக்குறைய அணிலின் எடையே உடையது என்பதால் அதற்கும் உறை மூடிக்கொள்ளும். ஆனால் சுண்டெலியின் எடை ஒரு சிறு பறவையின் எடை அளவே இருப்பதால் அதை இவ்வகைக் கலன் தடுக்காது. அணில் பக்கத்துக் கிளையிலோ சுவரிலோ பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டால் அதன் முழு எடையும் உறைமீது விழாது. எனவே கலனைச் சுற்றிலும் வெற்றிடம் தேவை.

கம்பத் தடுப்பு: கலனைத் தாங்கும் வழுவழுப்பான உலோகக் கம்பத்தில், கவிழ்த்த கூம்பு அல்லது அகன்ற குழாய் வடிவில் ஒரு தடுப்பு பொருத்தப்படும். கீழிருந்து ஏறும் அணிலும் எலியும் அதைத் தாண்ட இயலாது. விலை குறைந்த சாதாரணக் கலனுக்கும் இதைப் பொருத்தலாம்.

கம்பத்தில் கிரீஸ் அல்லது வாசலைன் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது தவிர்க்கப்பட வேண்டியது. அப்பசை பறவையின் இறகில் ஒட்டினால் இறகுகள் பிசுபிசுத்துக் குளிரையும் நீரையும் தடுக்கும் திறனை இழக்கின்றன. பறத்தலும் தடைபடும்.

இடத் தேர்வு

எத்தகைய கலனும் தவறான இடத்தில் தொங்கினால் பயன் தராது. சாம்பல் அணில் நின்ற இடத்திலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரம் தாவும். பக்கவாட்டில் 2 மீட்டருக்கும் மேல் பாயும். மேலிருந்து கீழே குதிக்கும்போது இன்னும் அதிகத் தொலைவைக் கடக்கும். ஆகவே தடுப்புக் கூம்பு தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாமலும், கம்பம் மரம், வேலி, கூரை ஆகியவற்றிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளியும் இருப்பது நல்லது.

புதர் மிக அருகில் இருந்தால் பூனை பதுங்கிப் பாயும். மிகத் தொலைவில் இருந்தால் பருந்து வகைப் பறவை வரும்போது சிறு பறவைகளுக்கு ஒளிய இடம் இராது. எனவே இரண்டு, மூன்று மீட்டர் தொலைவில் புதர் இருப்பது இரு வகையிலும் பொருந்தும்.

கண்ணாடிச் சன்னலும் ஓர் ஆபத்தாகும். கலன் சன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால், பறவை வேகம் எடுக்கும் முன்பே கண்ணாடியை அடைவதால் அடி பலமாகப் படுவதில்லை. இடைப்பட்ட தொலைவே கூடுதல் ஆபத்தானது. ஒரு மீட்டருக்குள் வைக்க இயலாவிட்டால் 10 மீட்டருக்கு அப்பால் வைப்பது நல்லது.

உணவுத் தேர்வு

எலித்தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் கலன் அன்று. அதிலிருந்து சிந்தும் உணவே. மலிவான கலவைகளில் கோதுமையும் உடைத்த பருப்பும் அதிகம். சிறு பறவைகள் அவற்றைக் கொத்தி வெளியே தள்ளிவிட்டுச் சூரியகாந்தி விதையை மட்டும் தேடும். தள்ளப்பட்ட தானியம் புறாவுக்கும் எலிக்கும் இரையாகும். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு விலை கூடியதாயினும் முழுமையாக உண்ணப்படுவதால் கழிவு குறைகிறது.

நிலக்கடலையை ஏறத்தாழ 6 மி.மீ. கண்ணுள்ள வலைக் கலனில் இடவேண்டும். பறவைகள் அதைச் சிறிது சிறிதாகக் கொத்தித் தின்னும்; முழுக் கடலை குஞ்சின் தொண்டையில் சிக்கும் வாய்ப்பும் இராது. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃபிளாடாக்சின் பறவைகளைக் கொல்லக்கூடிய நஞ்சாகும்.

கோல்டுஃபிஞ்ச் விரும்பும் நைஜர் விதை தமிழில் பேயெள் எனப்படுகிறது. எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர் இந்தியாவிலும் எண்ணெய்வித்தாக விளைகிறது; பறவை உணவாக ஏற்றுமதியும் ஆகிறது. இவ்விதை மிகச் சிறியது என்பதால் நுண்ணிய பிளவுகள் கொண்ட தனிக்கலன் தேவை. அணில்கள் இதில் அதிக நாட்டம் காட்டுவதில்லை.

மிளகாய்த்தூள் கலந்த விதையும் விற்கப்படுகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், பாலூட்டிகளின் நரம்புகளில் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டி எரிச்சலை உண்டாக்குகிறது. பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்குத் தூண்டப்படுவதில்லை என்பதை ஸ்வென்-எரிக் யோர்ட்டும் டேவிட் ஜூலியசும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். காட்டு மிளகாயின் விதைகளை அரைத்துவிடும் பாலூட்டிகள் விலகி, விதைகளைச் சேதமின்றிப் பரப்பும் பறவைகள் மட்டும் உண்பதற்கு இவ்வேறுபாடு உதவுகிறது. மிளகாய் விதை அணிலைக் குறைக்கும் என்றாலும் அதன் தூள் கையாள்வோரின் கண்ணுக்கும் மூக்குக்கும் தீங்கானது. மழையில் தூள் கழுவப்பட்டால் பயனும் போய்விடும்.

நோய்ப் பரவல்

அணிலால் இழப்பது விதை மட்டுமே. துப்புரவற்ற கலனால் இழப்பது பறவைகளை.

டிரைக்கோமோனாஸ் கல்லினே எனும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி புறாக்களின் தொண்டையில் நெடுங்காலமாக அறியப்பட்டது. 2005 இல் பிரித்தானியாவில் இது ஃபிஞ்ச் பறவைகளில் கண்டறியப்பட்டது. 2006 முதல் கொள்ளைநோயாகப் பரவியது. நோயுற்ற பறவையின் தொண்டை புண்ணாகி வீங்குவதால் அதனால் விழுங்க இயலாது. அது கலனிலேயே அமர்ந்து விதையைக் கொத்தி, எச்சிலில் நனைத்து, மீண்டும் உதிர்க்கும். அவ்விதையை உண்ணும் அடுத்த பறவைக்கு நோய் தொற்றும். சில ஆண்டுகளுக்குள் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைந்தது. 2021 இல் இவ்வினம் பிரித்தானியாவின் பாதுகாப்புச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தட்டையான மேற்பரப்புள்ள தீனிமேசைகளில் எச்சமும் எச்சிலும் உணவும் ஒன்றாகக் கலக்கின்றன. இதனால் பறவைகள் பாதுகாப்புக்கான அரச கழகம் 2025 தொடக்கத்தில் இத்தகைய தட்டைக் கலன்களின் விற்பனையை நிறுத்தி வைத்தது. சிந்தும் விதையைத் தாங்க அடித்தட்டு பொருத்துவது எலியைக் குறைக்கும். ஆனால் அதே தட்டு, நோயுற்ற பறவை உதிர்த்த விதையையும் தேக்கி வைக்கும். ஒரு தொல்லைக்கான தீர்வு மற்றொன்றுக்கு வழியாகும் இடம் இது.

பராமரிப்பு

- கலனை வாரம் ஒருமுறையேனும் முழுவதும் கழற்றி, தேய்த்து, கிருமிநாசினியில் கழுவ வேண்டும். இதனை வீட்டுச் சமையலறைத் தொட்டியில் செய்யாமல், தனி வாளியும் தூரிகையும் கையுறையும் வைத்துக்கொள்வது நல்லது.
- கழுவிய கலனை நன்கு உலர்த்திய பின்னரே விதை நிரப்ப வேண்டும். டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி உலர்ந்த இடத்தில் பிழைப்பதில்லை.
- ஓரிரு நாளில் தீரும் அளவே உணவிட வேண்டும். மாலையில் மீதம் இராவிட்டால் இரவில் எலிக்கு வேலையில்லை.
- கலனின் இடத்தை அவ்வப்போது மாற்றினால் அடியில் எச்சமும் சிந்திய விதையும் குவியாது.
- விதை மூட்டையை மூடியுள்ள உலோகக் கலத்தில் வைக்க வேண்டும். நெகிழி வாளியை எலி கடித்துவிடும்.
- எலி தென்பட்டால் சில வாரங்கள் உணவிடுவதை நிறுத்த வேண்டும். இறகு சிலிர்த்து, சோர்ந்து, அலகு நனைந்த பறவை தென்பட்டால் குறைந்தது இரண்டு வாரங்கள் நிறுத்துவது அவசியம். பறவைகள் வேறிடங்களுக்குக் கலைந்து செல்வதால் தொற்று குறையும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிறு பறவைகளுக்கு மட்டும் உணவளிக்க விரும்புவோருக்குக் கூண்டுக் கலன் பொருத்தமானது. சற்றுப் பெரிய பறவைகளும் வரவேண்டும், அணில் மட்டும் கூடாது என்போருக்கு எடையால் மூடும் கலன் ஏற்றது. அதன் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் இயலுமா என்று பார்க்க வேண்டும். செவ்வணில் வாழும் பகுதிகளில் இவ்வகைக் கலன் அதனையும் விலக்கிவிடும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பல்லால் கடிக்க இயலாத உலோகத் துளைகள், நீர் தேங்காத வடிகால், மழையைத் தடுக்கும் மூடி ஆகியவை எவ்வகைக் கலனுக்கும் பொதுவான தேவைகள். இவற்றுடன், அடிப்பகுதியைக் கருவி ஏதுமின்றிக் கழற்ற இயலுமா, கை அல்லது தூரிகை உள்ளே முழுவதும் செல்லுமா என்பதைக் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. எளிதில் கழற்ற இயலாத கலன் வாரந்தோறும் கழுவப்படுவதில்லை. விலை உயர்ந்த அணில் தடுப்புக் கலனைவிட, கம்பத் தடுப்புடன் நிற்கும், எளிதில் கழுவக்கூடிய சாதாரணக் குழாய்க் கலன் பறவைகளுக்குப் பாதுகாப்பானதாக அமையலாம்.