பத்தாம் தேதிக்குள்ளா, பத்தாம் தேதி வரையா?

விலையிலும் எடையிலும் மூட்டைக் கணக்கிலும் நாம் கண்ணும் கருத்துமாக இருக்கிறோம். ஆனால் வெளிமாநில வியாபாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது, தேதிக்கு முன்னால் போடும் சின்னச் சொல்லில் கோட்டை விட்டுவிடுகிறோம்.

மரக்காணத்து உப்பு வணிகர் ஒருவர், அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் ஒரு லோடு அனுப்புவதாக எழுத நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பை’ என்று போட்டால் அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ சரக்கு போய்விடும் என்று பொருள். ‘டில்’ என்று போட்டால் அந்தத் தேதி வரை தொடர்ந்து அனுப்புவோம் என்றாகிவிடும். வாங்குபவர் லாரி லாரியாக எதிர்பார்ப்பார். இடையில் மழை பிடித்துக்கொண்டால் பாத்தியில் உப்பு வார முடியாது. பிறகு வழக்குதான், வாய்ச்சண்டைதான்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தமிழில் ‘10-ஆம் தேதிக்குள்’ என்கிறோம், ‘10 நாளுக்குள்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. தேதிக்கு ‘பை’, நாள் கணக்குக்கு ‘வித்தின்’. தேதிக்கு முன் ‘வித்தின்’ போடுவது பிழை.

நினைவில் வைக்க வேண்டியவை:

மணிக்கு ‘அட்’. கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’. மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’.

மார்ச் முதல் பாக்கி என்றால் ‘சின்ஸ்’. மூன்று மாதமாகப் பாக்கி என்றால் ‘ஃபார்’.

‘இன் 10 டேஸ்’ என்றால் பத்து நாள் கழித்து என்றும் படிப்பார்கள். கெடு வைக்கும்போது ‘வித்தின்’ என்றே எழுதுவோம்.

சட்டத்திலும் இந்தச் சொற்களுக்கு மதிப்பு அதிகம். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, மத்தியச் சட்டங்களில் ‘ஃப்ரம்’ வந்தால் முதல் நாள் கணக்கில் சேராது. ‘டு’ வந்தால் கடைசி நாள் சேரும். செக் திரும்பிவிட்டால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தகவல் 1-ஆம் தேதி கிடைத்தால் 2-ஆம் தேதியிலிருந்து எண்ண வேண்டும். செக் வழக்குக் கெடுவில் ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ இரண்டுக்கும் கணக்கு ஒன்றே என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆயினும் கடைசி நாள் வரை காத்திருப்பது நல்லதல்ல.

ஏற்றுமதி செய்வோர் கடன் கடிதத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 2007 முதல் நடைமுறையிலுள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி, சரக்கு ஏற்றும் தேதிக்கு ‘ஃப்ரம்’ வந்தால் அந்த நாளும் சேரும். பணம் தரும் தவணைக்கு வந்தால் சேராது. ‘பிஃபோர்’ என்றால் அந்த நாள் சேரவே சேராது.

எனவே சந்தேகம் வந்தால் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று போட்டு, தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் எழுதிவிடுவோம். ஒரு வரி கூடும். ஒரு வழக்கு குறையும்.