லைட் மீட்டரைக் காணோம்... வெயிலும் போகப்போகிறது!

உலகின் மிகப் புகழ்பெற்ற அந்திப் படங்களில் ஒன்று, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்காத பதற்றத்தில் எடுக்கப்பட்டது, தெரியுமா?

1941. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ. புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், எட்டு வயது மகன் மைக்கேலோடும் நண்பர் செட்ரிக் ரைட்டோடும் சாமா பள்ளத்தாக்கில் சுற்றிவிட்டு, உருப்படியாக ஒன்றும் சிக்காத சலிப்பில் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஹெர்னாண்டஸ் என்றொரு குக்கிராமம். கிழக்கே வளர்பிறை நிலா, அதன் கீழே பனி மூடிய மலைகள். மேற்கே இறங்கும் வெயில் பட்டு, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் பளீரென்று வெளுத்து நிற்கின்றன. அவ்வளவுதான், கார் ஏறக்குறைய சாலையோரப் பள்ளத்துக்கே போய்விட்டது! அதை எடு, இதைக் கொடு என்று ஒரே கூச்சல். எட்டுக்குப் பத்து அங்குல பிலிம் போடும் பெரிய கேமரா தயார். லைட் மீட்டரை மட்டும் காணோம்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காகவே எக்ஸ்போஷரைப் பிடித்தார். மஞ்சள் ஃபில்டர், எஃப்/32, ஒரு விநாடி. எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்று பிலிம் ஹோல்டரைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போயே போய்விட்டது!

கதை அங்கே முடியவில்லை. நெகட்டிவின் கீழ்ப்பகுதி, அதாவது ஊர் இருக்கும் பகுதி, மங்கலாகத்தான் பதிந்திருந்தது. 1948இல் அந்தப் பகுதிக்கு மட்டும் ரசாயனம் கொடுத்து அழுத்தம் கூட்டினார். ஆரம்ப பிரிண்டுகளில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிந்தைய பிரிண்டுகளில் கிட்டத்தட்ட கும்மிருட்டு! ஒரே நெகட்டிவிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டிருக்கிறார். ‘எடிட் செய்யாத அசல் படம்’ என்று மார்தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இதைவிட வேடிக்கை, எந்த ஆண்டு எடுத்தோம் என்பதே ஆடம்ஸுக்கு நினைவில்லை. 1940 என்பார், 1942 என்பார், 1944 என்றும் சொல்வார். துப்பறிந்தவர்கள் யார் தெரியுமா? வானியல்காரர்கள்! படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்து, அக்டோபர் 31, 1941 என்று டேவிட் எல்மோர் முதலில் கணித்தார். டென்னிஸ் டி சிக்கோ கணக்கைத் திரும்பப் போட்டு, 1991இல் திருத்தினார்: நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி. விநாடி உட்பட!

சரி, அந்தி வெயிலுக்கு மட்டும் ஏன் அந்தப் பொன்னிறம்? சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் ஒளி கடக்கும் காற்றைப்போல் சுமார் 38 மடங்கு காற்றை, அடிவானத்தில் இருக்கும்போது கடக்க வேண்டியிருக்கிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. இன்னொன்று: அடிவானத்தில் உட்கார்ந்திருப்பதாக நாம் பார்க்கும் சூரியன் உண்மையில் அதற்குக் கீழே போயாகிவிட்டது! காற்று ஒளியை வளைத்துக் காட்டுகிறது. நாம் படம் பிடிப்பது இல்லாத சூரியனை!

சூரியன் மறைந்த பிறகு மேலே பரவும் கருநீலம் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு ஓசோனின் வேலை. மஞ்சள், செம்மஞ்சள் ஒளியை அது உறிஞ்சிக்கொள்கிறது. 1953இல் ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டும்வரை, பகல் நீலமும் அந்தி நீலமும் ஒன்றே என்றுதான் நினைத்திருந்தார்கள்.

நம்மூரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்குவதால், மறைந்த 22, 23 நிமிடங்களில் நல்ல வெளிச்சம் தீர்ந்துவிடும். நார்வேயின் வடகோடியில் கோடைக்காலத்தில் அதே பொன்னொளி மணிக்கணக்கில் நிற்கும். கொடுத்துவைத்தவர்கள்!

அந்த 22 நிமிடத்திலும் எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை கிழக்கே திரும்புங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் பட்டை, அதற்கு மேல் ரோஜா நிறப் பட்டை தெரியும். அந்தச் சாம்பல் என்ன தெரியுமா? காற்றின் மேல் விழும் பூமியின் நிழல்! மொபைலில் எடுத்தால் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். அந்தப் பொன்னிறத்தைக் கோளாறு என்று நினைத்து, அது சமர்த்தாக வெளுத்துக் கொடுத்துவிடும். டேலைட்டில் வையுங்கள். லைட் மீட்டர் தேட வேண்டிய வேலையும் உங்களுக்கு இல்லை!