‘நூறு வருட வெள்ளம்’ நூறு வருடம் காத்திருக்காது

“2015-லயே பெரிய வெள்ளம் வந்து போயிடுச்சு சார். அதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான். இனி நம்ம காலத்துல வராது.” சென்னையில் அடையாற்றின் பக்கம் மனை தேடுவோர் காதில் இப்படியொரு பேச்சு விழக்கூடும். முன்பணம் கொடுக்கும் முன், அந்த ‘நூறு வருடம்’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு போடும் விதம்

ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலில் நீர்மட்டத்தைக் குறிக்கிறார்கள். எந்த மட்டத்தில் நொடிக்கு எத்தனை கன அடி ஓடும் என்பதை முன்பே அளந்து வைத்திருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டின் உச்ச ஓட்டத்தையும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவார்கள். மொத்த ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுப்பார்கள். 30 ஆண்டுப் பதிவு இருந்தால், முதலிடத்து வெள்ளம் ‘31 ஆண்டு வெள்ளம்’; மூன்றாமிடத்தது சுமார் ‘10 ஆண்டு வெள்ளம்’. அத்தகைய பதிவிலிருந்து சொல்லப்படும் ‘நூறு ஆண்டு வெள்ளம்’ அளந்து கண்டதல்ல. இருக்கும் புள்ளிகளைப் புள்ளியியல் முறையில் நீட்டிப் பார்த்த மதிப்பீடு.

அதன் பொருள் இதுதான்: அந்த அளவு வெள்ளம் வர ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்பு உண்டு. போன ஆண்டு வந்துவிட்டதால் இந்த ஆண்டு வாய்ப்பு குறையாது. 20 ஆண்டு வீட்டுக்கடனை அடைத்து முடிப்பதற்குள் ஒரு முறையாவது அது வர 18% வாய்ப்பு. ‘25 ஆண்டு வெள்ளம்’ எட்டும் மனை என்றால் அதே காலத்தில் 56%, அதாவது பாதிக்கும் மேல்.

ஏமாற்றும் இடங்கள்

பதிவு குறைவாக இருந்தால், ஒரே ஒரு பெருவெள்ளம் சேர்ந்தாலும் கணக்கு புரண்டுவிடும். உச்ச வெள்ளத்தின்போது ஆற்றில் இறங்கி அளக்க முடியாது. அந்த எண் பெரும்பாலும் மதிப்பீடே. ஆறும் பழைய ஆறு அல்ல. வயலும் ஏரியும் கட்டடமான இடத்தில் மழைநீர் ஊறாமல் வேகமாக ஓடிவருகிறது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதே அடையாற்றில்தான் சேர்ந்தது. இந்திய கணக்குத் தணிக்கைத் துறை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. மழையைப் போலவே மதகைத் திறக்கும் முடிவும் வெள்ளத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

உங்கள் உரிமை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்: அருகிலுள்ள அளவீட்டு நிலையம் எது? எத்தனை ஆண்டுப் பதிவு உள்ளது? ஒவ்வோர் ஆண்டின் உச்ச ஓட்டம் என்ன? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

மனை நீர்நிலைப் புறம்போக்கா என்பதை ‘அ’ பதிவேட்டில் பாருங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் பகுதி வெள்ள அபாயப் பட்டியலில் உள்ளதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வீடு ஏற்கெனவே அங்கே இருந்தால், வெள்ள இழப்பையும் ஈடுசெய்யும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ காப்பீட்டை எடுத்து வையுங்கள். நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்துமூலம் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பாதிப்பைப் படமெடுத்து, நீர் நின்ற கோட்டைச் சுவரில் தேதியோடு குறித்து வையுங்கள். அவசர உதவிக்கு 1070 மாநில எண். 1077 மாவட்ட எண்.

அந்தத் தெருவில் நெடுநாள் குடியிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: 1985-ல், 2005-ல், 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது? அவர் சுவரில் கைவைத்துக் காட்டும் உயரத்தையும் துறை தரும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.